சவேரி ஐயாவுக்கு வந்த 'நீங்கள்'

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் சினாயிதா. ரஷ்யாக்காரி. ஆறு வருஷத்துக்கு முன்னால், தவக்காலத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை மத்தியானம், அவள் வீட்டு அடுக்களையில் வைத்துச் சொன்னாள். நாள்கூட மறக்கவில்லை. அன்றைக்கு நான் ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. அவளுக்கு பீட்ரூட் சூப்பு வைப்பதற்காகச் சீவிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் சிவப்பு.

நீங்கள் இந்தப் பஸ்ஸில் உவரிவரைக்கும் போகிறீர்கள். நான் செட்டிகுளத்தில் இறங்கிவிடுவேன். அதற்குள் சொல்லிமுடித்துவிடலாம். உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

செட்டிகுளத்தை ஒட்டி அணு உலைக்காரர்களுக்குக் குடியிருப்பு இருக்கிறதல்லவா, அதில் ரஷ்யாக்காரர்களுக்கென்று தனி வீடுகள். அங்கே பதினோரு வருஷம் சமையல் செய்தேன். என் மகள் நர்சிங் படித்ததும் மகன் கப்பலுக்குப் போனதும் அந்த அடுப்பில்தான். சினாயிதா மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்தவள். தமிழை அவர்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தாள். அத்தனையும் புத்தகத் தமிழ். மீன்காரி எஸ்தரிடம், "அம்மையீர், இம்மீனின் விலையைக் கூறுங்கள்" என்பாள். வாசலுக்கு வரும் பூனையிடம், "நீங்கள் பால் அருந்தினீர்களா" என்பாள். எஸ்தர் என் காதில், "ஏட்டி பிரகாசி, இவ மீன் வாங்குதாளா பைபிள் வாசிக்காளா" என்று கேட்பாள்.

என்னையும் 'பிரகாசி அம்மையாரே, நீங்கள்' என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் வேலை செய்கிறவள்தானே, நீ என்று சொல்லு என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். மாட்டாள். எங்கள் ரஷ்ய மொழியிலும் நீ, நீங்கள் இரண்டும் உண்டு, ஒருவரை நீ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால் பிறகு நிறுத்தக் கூடாது, அதனால் எனக்குப் பயம் என்றாள். கடவுளைக்கூட நாங்கள் நீ என்றுதான் கூப்பிடுவோம் என்றாள். நாம் 'நீர்' என்போம், பாருங்கள். நான் ஒரு தடவை வீட்டில் தனியாக, ஆண்டவரே நீ என்று சொல்லிப் பார்த்தேன். யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பயந்து எழுந்துவிட்டேன்.

அன்றைக்கு அவளிடம் நான் சலேத் எனக்குச் செய்ததைச் சொல்லி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

சலேத்தும் நானும் ஒரே தெருவுக்கு ஒரே வருஷம் கல்யாணமாகி வந்தவர்கள். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். அவள் என்னை ஏட்டி என்பாள், நான் அவளை ஏட்டி என்பேன். என் மகன் பிறந்தபோது எனக்குக் காய்ச்சல், மூன்று நாள் அவள்தான் பால் கொடுத்தாள். எங்கள் கோயிலில் முப்பது வீட்டுக்கு ஓர் அன்பியம் என்று வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் கூடி செபமாலை சொல்லி, வேதவாசகம் வாசிப்போம். எங்கள் அன்பியத்துக்குச் சலேத்துதான் தலைவி. அவள் குரல் அப்படி. அவள் 'அருள் நிறைந்த மரியே' என்று எடுத்தால் பக்கத்துத் தெருவில் டிவியை நிறுத்துவார்கள்.

ஆனால் அவளுக்கு எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடமே போனதில்லை. அது என் ஒருத்திக்குத்தான் தெரியும். நான் எட்டாம் வகுப்பு. வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து வாசகத்தை மூன்று தடவை வாசித்துக் காட்டுவேன். அவ்வளவுதான், பிடித்துக்கொள்வாள். மறுநாள் பைபிளைத் திறந்து வைத்து, வரியில் விரலை ஓட்டிக்கொண்டே மனப்பாடமாகச் சொல்வாள். ஒரு தடவை புத்தகம் தலைகீழாக இருந்தது. நான்தான் கண்ணைக் காட்டித் திருப்பச் சொன்னேன். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு.

பிறகு எங்கள் கோயிலுக்குப் புதுச் சாமியார் வந்தார். அவராகத்தான் கேட்டார், அன்பியம் எப்படிப் போகிறது என்று. நான் சலேத்தின் நன்மைக்காகத்தான் சொன்னேன். "சாமி, அவளுக்குப் பாவம் எழுத்துத் தெரியாது. உங்ககிட்ட மறைக்கா. மனசுல வச்சுக்கிட்டுக் கஷ்டப்படுதா. ஓய்வு குடுத்தா அவளுக்கு நல்லது. நான் சொன்னதாத் தெரிய வேண்டாம்." இவ்வளவுதான் சொன்னேன். இதில் பொய் ஏதாவது இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் மாதா சொரூபம் இருக்கிற கெபியில் நின்று மூன்று மங்கள வார்த்தை செபம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

சாமியார் என்னைத் தலைவியாகப் போட்டார். நானா கேட்டேன்? சலேத்தை வந்து தன்னைப் பார்க்கச் சொல்லுங்கள், வாசகத்தை நீங்கள் வாசியுங்கள், செபமாலையைச் சலேத்தே சொல்லட்டும் என்றும் ஏதோ சொன்னார். அதை அவளிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏற்கெனவே மனசு நொந்தவளை எதற்கு மேலும் இழுத்துவிட வேண்டும். பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு மறந்துபோச்சு.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்து, "ஏட்டி, இந்த வாரம் உன் வீட்டுல செபம் வச்சுக்கிடுவோமா" என்று கேட்டேன். அவள் முக்காட்டை மடித்துக்கொண்டே, "நீங்க சொல்லுங்க. நீங்க எப்பம் சொல்லுதியளோ அப்பம் வச்சுக்கிடலாம்" என்றாள்.

மறைக்காமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தலைவி என்று மரியாதை கொடுக்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் கை நின்றுபோச்சு. முப்பத்திரண்டு வருஷம் ஏட்டி என்ற வாய். நான் அவளுக்கு என்ன செய்தேன்?

தை மாதம் அவள் உவரிக்கு மகள் வீட்டோடு போய்விட்டாள். சட்டி பானை ஏற்றுவதை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாது, கூடவே இருந்தவர்கள் அப்படி விட்டுவிட்டுப் போனால் எப்படி இருக்கும் என்று.

இதைத்தான் சினாயிதாவிடம் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டே முழுக்கக் கேட்டாள். சாமியாரிடம் நான் சொன்னதை மட்டும் இரண்டு தடவை கேட்டாள். பிறகு இந்தக் கதையைச் சொன்னாள். எதற்காக அந்த நேரத்தில் இதைச் சொன்னாள் என்று தெரியாது. என் மனசு ஆறட்டும் என்றுதான் இருக்கும்.

இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி அவர்கள் தேசத்தில் ஒரு மந்திரி இருந்தாராம். சவேலி லுகிச் என்று பேர். லுகிச் என்றால் லூக்காவின் மகன். மரியாதையாகக் கூப்பிடுவதானால் அங்கே அப்பா பேரையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டுமாம். எனக்குச் சவேலி வாயில் நிற்கவில்லை, சவேரி என்று வைத்துக்கொண்டேன். நம் சவேரியார் பேர் மாதிரி இருக்கிறது. எந்த ராணியின் மந்திரி என்று கேட்டேன். ராணிகள் பலர், பெயர் உங்களுக்கு வேண்டாம் என்றுவிட்டாள். இது அவள் அப்பா சொன்ன கதை. சவேரி ஐயா பிறந்த ஊர்தான் அவர்களுக்கும் ஊர்.

சவேரி ஐயா பெரிய வீட்டுப் பிள்ளை இல்லை. அப்பா நம் ஊர்க் கோயில்பிள்ளை மாதிரி மணியடிக்கிறவர். பையனுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் ஒரு பெரிய மடத்தில் கணக்கு எழுதும் எழுத்தராகச் சேர்த்தார்கள். அங்கிருந்து ஒரு ராஜகுமாரி வீட்டுக்குக் கடிதம் எழுத அனுப்பினார்கள். வேண்டாத ராஜகுமாரி அவள். ராஜாவுக்குப் பிடிக்காது, ஊருக்கு வெளியே ஒரு பழைய வீட்டில் தள்ளி வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் ஓர் அறையில்தான் கணப்பு எரியும். குளிரில் மை உறைந்துபோகுமாம். ராஜகுமாரி தன் நாற்காலியை நகர்த்திவிட்டு, "சவேலி, நீ இங்கே வந்து நெருப்புப் பக்கமா உட்காந்து எழுது" என்பாளாம். அன்றிலிருந்து நீதான். அவளுக்கு அந்த வீட்டில் நீ என்று சொல்ல வேறே ஆளும் இல்லை.

ஒன்பது வருஷம் கழித்து அவள் ராணி ஆகிவிட்டாள். கூட இருந்தவர்கள் எல்லாரும் எனக்கு அது வேண்டும் இது வேண்டும் என்று வரிசையில் நின்றபோது, சவேரி ஐயா மைக்கூட்டை எடுத்துக்கொண்டு வழக்கம்போல வேலைக்கு வந்து நின்றார். முதலில் அந்தரங்க எழுத்தர். பிறகு தபால் குதிரைகளுக்கும் சாலைகளுக்கும் அதிகாரி. கடைசியில் எல்லா மந்திரிக்கும் மேலே மந்திரி. மார்பில் நட்சத்திரம் குத்தின மந்திரி. ஆனால் ராணி எழுதி அனுப்பும் சீட்டு ஒவ்வொன்றும் 'சவேலி, நீ' என்றுதான் தொடங்கும். அதையெல்லாம் ஒரு மரப்பட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்.

அவர் செய்ததிலேயே பெரிய காரியம் தானியக் கிடங்கு. அங்கே ரை என்று ஒரு தானியம், நமக்குக் கேழ்வரகு மாதிரி ஏழைகள் சாப்பாடு. மூன்று வருஷம் பஞ்சம் வந்து ஜனங்கள் மரப்பட்டையை இடித்துத் தின்றார்கள். அவர் அப்பாவே அப்படித் தின்றுதான் செத்தார். அதற்குப் பிறகு தாலுகாவுக்கு ஒரு கிடங்கு கட்டி, நல்ல விளைச்சலில் நிரப்பி, பஞ்சத்தில் மட்டுமே திறக்க வேண்டும் என்று சட்டம் போட வைத்தார். நிலக்காரப் பிரபுக்களுக்கு அது பிடிக்கவில்லை. தானியத்தைக் கப்பலேற்றி விற்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. ஒவ்வொரு வருஷமும் கேட்பார்கள், ஒவ்வொரு வருஷமும் இவர் முடியாது என்பார். இவர் அந்த நாற்காலியில் இருக்கிறவரைக்கும் கிடங்குக்குப் பூட்டு இருக்கும். அதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சுகிராமம் வந்துவிட்டது. இங்கே ஐந்து நிமிஷம் நிற்பான். முறுக்கு சாப்பிடுகிறீர்களா? வீட்டில் சுட்டதுதான். ம், எடுத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு எகோர் என்று ஒருத்தன் இருந்தான். எங்கேயோ ஒரு சின்னக் கச்சேரியில் இருமிக்கொண்டு குமாஸ்தா வேலை பார்த்தவன். புத்திசாலி என்று கண்டு இவர்தான் தலைநகருக்குக் கூட்டிவந்தார். தன் வீட்டிலேயே அறை கொடுத்தார். ஐயாவின் மனைவி பெலகியா அவன் நெஞ்சுக்கு வாத்துக் கொழுப்பு தேய்த்துவிட்டுத் தேற்றினாள். கடிதம் வரைய, சட்டம் எழுத, பெரியவர்களிடம் பேச, எல்லாம் இவர் கற்றுக்கொடுத்தது. அவர் அவனை நீ என்பார். அவன் அவரை நீங்கள் என்பான். முறைதானே.

ஐம்பத்தைந்து வயசில் சவேரி ஐயாவுக்குக் கண் போக ஆரம்பித்தது. மெழுகுதிரியிலும் பனி வெளிச்சத்திலும் நாற்பது வருஷம் எழுதின கண். முதலில் எழுத்து கலங்கியது, பிறகு காகிதம் ஒரு வெள்ளையாகத் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. இதை எகோரிடம் மட்டும் சொன்னார். அவன் வாசிப்பான், இவர் காதால் கேட்டு முடிவு சொல்வார், அவன் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். சபைக்குப் போனால் காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு, பார்க்கிற மாதிரி குனிந்து, மனப்பாடமாகப் பேசுவார். இரண்டு வருஷம் யாருக்கும் தெரியாது. அவர் எண்ணம் எல்லாம், இன்னும் இரண்டு விளைச்சல், வடக்குத் தாலுகாக்களில் கிடங்கு நிரம்பிவிட்டால் போதும், நானே போய் ராணியிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விடுவேன் என்பதுதான்.

இந்த எகோர் என்ன செய்தான் தெரியுமா? ராணியிடம் போனான். போய், "எங்கள் ஐயாவுக்குப் பாவம் கண் தெரியவில்லை. உங்களிடம் மறைக்கிறார். கஷ்டப்படுகிறார். ஓய்வு கொடுத்தால் அவருக்கு நல்லது. நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம்" என்றான்.

பாருங்கள், எவ்வளவு பதவிசாகச் சொல்லியிருக்கிறான். குரலை இறக்கி, அக்கறை மாதிரி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கத்தியை எடுத்தவனைக்கூட மன்னிக்கலாம். வாத்துக் கொழுப்பு தேய்த்துவிட்ட வீட்டில் இருந்துகொண்டு இப்படிச் செய்தவனை என்ன சொல்வது. அவன் மனசில் அந்த நாற்காலி இருந்திருக்கிறது, வேறென்ன. அவனுக்குப் பின்னால் கிடைத்ததும் அதே நாற்காலிதான். நான் இதைச் சொன்னபோது சினாயிதா கிழங்கைக் கீழே வைத்துவிட்டு, ஒருவேளை அவன் உண்மையாகவே இரக்கப்பட்டிருக்கலாம், அவனுக்கே தெரிந்திருக்காது என்றாள். அவள் இளகின மனசுக்காரி. எனக்குத் தெரியும் அப்படிப்பட்ட ஆட்களை.

ராணிக்கு எது வலித்தது என்றால், கண் போனது இல்லை. தன்னிடம் மறைத்தது. ஒரே நெருப்பில் குளிர்காய்ந்தவன் என்னிடம் இரண்டு வருஷம் நடித்திருக்கிறானே என்று. அவள் கடிதம் எழுதினாள்.

'சவேலி லுகிச் அவர்களுக்கு. உங்கள் கண்களின் நிலையை அறிந்தோம். நீங்கள் அதை எம்மிடம் மறைத்தது எமக்கு வருத்தம். உங்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முன்னால் நேரில் வாருங்கள். கேட்கிறோம்.'

கடிதம் வீட்டுக்கு வந்தது. யார் வாசிப்பது? எகோர்தான்.

ஐயா கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, வாசி என்றார். எகோர் பிரித்தான். முதலில் மனசுக்குள் வாசித்துப் பார்த்தானாம். பிறகு வாசித்தான். "சவேலி, உன் கண் எப்படி இருக்கிறது? இந்தக் குளிரில் நீ வெளியே வராதே. பனி உருகட்டும், நானே உன்னைக் கூப்பிடுகிறேன்."

ஐயாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ராணிக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது, கோபப்படவில்லை, பழையபடி நீ என்றுதான் எழுதியிருக்கிறாள். பெலகியாவைக் கூப்பிட்டு, "கேட்டியா, கண்ணை விசாரிச்சிருக்கா" என்றார். கடிதத்தை வாங்கித் தடவிப் பார்த்து மரப்பட்டைப் பெட்டியில் போட்டார்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் வந்தது, போனது. அங்கே ராணி கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே இவர் பனி உருகட்டும் என்று உட்கார்ந்திருந்தார். எகோர் தினம் வந்து அரண்மனைச் செய்தி வாசிப்பான், எல்லாம் நல்ல செய்தி. பெலகியாவுக்குத்தான் ஏதோ சரியில்லை என்று பட்டது. வழக்கமாக வாசலில் நிற்கும் பனிவண்டிகள் நிற்காமல் மணியடித்துக்கொண்டு போயின. ஆடு கோழி என்று கொண்டுவந்து கொடுக்கிற மனுஷர்கள் எட்டிப் பார்க்கவில்லை. தவக்காலமும் வந்துவிட்டது.

பெலகியாவும் என் மாதிரிதான், பெரிய படிப்பு இல்லை. ஐம்பது வயசுக்கு மேலே சங்கீதப் புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவள். ஒருநாள் வீடு துடைக்கும்போது பெட்டியை இறக்கினாள். பழைய சீட்டுகள் மேலே அந்தக் கடிதம். பொழுதுபோகாமல் எழுத்துக் கூட்டினாள். நம் தமிழில் நீ, நீங்கள் இரண்டும் பார்த்தாலே வேறாகத் தெரியும். அவர்கள் எழுத்தில் இரண்டுக்கும் இரண்டே எழுத்து, முதலெழுத்து ஒன்றுதான் மாறும். அவள் பழைய சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். பிறகு புருஷனிடம் போய், "இதுல நீங்கள்னு இருக்கு" என்றாள்.

அவர் அவளை அதுவரை கடிந்து பேசினதில்லை. அன்றைக்கு, உனக்குப் படிக்கத் தெரியவில்லை, எழுத்தை மாற்றிப் படிக்கிறாய், போ என்று சத்தம் போட்டார். அவள் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக, முதலிலிருந்து கடைசிவரை கூட்டி வாசித்தாள். மூன்று ராஜாக்கள் திருநாள் என்ற இடம் வந்ததும், இன்றைக்கு என்ன நாள் என்று கேட்டார். தவக்காலம் ஐந்தாம் வாரம் என்றாள்.

மறுநாள் எகோர் வழக்கம்போல வந்தான். ஐயா ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. பெட்டியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"இதை இன்னொரு தடவை வாசி. கேட்கணும்போல இருக்கு."

எகோர் வாங்கினான். "சவேலி, உன் கண் எப்படி இருக்கிறது? இந்தக் குளிரில் நீ வெளியே வராதே. பனி உருகட்டும், நானே உன்னைக் கூப்பிடுகிறேன்." மூன்று மாசத்துக்கு முன்னால் வாசித்தது எப்படியோ, ஒரு சொல் பிசகாமல் அப்படியே. அத்தனையும் மனப்பாடம்.

ஐயா கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நல்லா வாசிச்ச" என்றார்.

 பெலகியா கதவுக்குப் பின்னால் நின்று வாயில் துணியை அடைத்துக்கொண்டாளாம்.

ஈஸ்டர் வந்தது. அவர்கள் ஊரில் அன்றைக்குப் பெரியவர் சின்னவர் இல்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, கிறிஸ்து உயிர்த்தார் என்பார்கள், மற்றவர் மெய்யாகவே உயிர்த்தார் என்பார், கன்னத்தில் மூன்று முத்தம். ராணியும் அரண்மனைக் கோயிலில் நின்று வாயில்காவல்காரன் வரைக்கும் கொடுக்க வேண்டும். சவேரி ஐயா பெலகியாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் அந்த வரிசையில் நின்றார். எதையும் கேட்டு வாங்க அல்ல. தன் காதால் கேட்க வேண்டும் என்று. பெலகியாவின் படிப்பை அவர் இன்னும் முழுசாக நம்பவில்லை, மனசு அப்படித்தானே. வரிசை நகர்ந்து அவர் முறை வந்தது. ராணியின் பட்டுச் சரசரப்பு அவருக்குத் தெரியும்.

"கிறிஸ்து உயிர்த்தார்" என்றார்.

"மெய்யாகவே உயிர்த்தார், சவேலி லுகிச்" என்றாள். மூன்று முத்தமும் கொடுத்தாள். "நீங்கள் நலமா?"

அவர், நலம் என்றார். அவளும் கொஞ்ச நேரம் நின்றாளாம், இவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று. ஏன் அந்தத் தேதிக்கு வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. எனக்கு அதை வாசித்துக் காட்டவில்லை என்று இவரும் சொல்லவில்லை. சொன்னால் எகோரின் தலை போகும். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அவர் நகர்ந்துவிட்டார்.

அந்தக் கோடையில் கிடங்குகளைத் திறந்து கப்பலேற்றிவிட்டார்கள். உத்தரவில் புது மந்திரி எகோரின் கையெழுத்து. அடுத்தடுத்து இரண்டு வருஷம் பனி முன்னதாக விழுந்து பயிர் கருகியது. என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சவேரி ஐயா பிறந்த ஊருக்கே போய்விட்டார். எகோர் வருஷத்துக்கு ஒரு கடிதம் எழுதுவான், ஐயா நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று. பெலகியா எழுத்துக் கூட்டி வாசிப்பாள். ஒவ்வொரு தடவையும் வாசிப்பதற்கு முன்னால் அவர், "இருக்கிறதை மாத்தாம வாசி" என்பாராம். பதிலும் சொல்லி எழுத வைப்பார். இரண்டு வரிதான். 'எகோர், நான் இருக்கிறேன். உன் நெஞ்சைப் பார்த்துக்கொள், நீ ஈரத்தில் நிற்காதே.' சாகிறவரைக்கும் அவனுக்கு நீ என்றே எழுதினார்.

எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. நானாக இருந்தால் நீங்கள் என்று எழுதியிருப்பேன், அப்போது அவனுக்கு உறைத்திருக்கும் என்றேன். சினாயிதா, ஆம், உறைத்திருக்கும் என்றாள். 

எனக்கு அழுகை வந்துவிட்டது. பீட்ரூட் கையோடு முகத்தைத் துடைத்துக் கன்னமெல்லாம் சிவப்பு. எதற்காக அழுகிறீர்கள் என்று கேட்டாள். அந்த எகோரை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஈரத்துணியை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, "பிரகாசி, நீ உவரிக்குப் போ" என்றாள்.

நீ என்று சொன்னாள். அத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து கேட்டது அந்த ஒரு தடவைதான். அந்தச் சந்தோஷத்தில் போ என்று சொன்னது எனக்கு மனசில் நிற்கவே இல்லை. அடுத்த வருஷம் அவள் தன் ஊருக்குப் போய்விட்டாள்.

நான் உவரிக்குப் போகவில்லை. எதற்குப் போக வேண்டும், விட்டுவிட்டுப் போனவள் அவள். தினம் அவளுக்காகச் செபமாலையில் ஒரு பத்து மணி சொல்கிறேன், அது போதாதா. அன்பியத்தில் இப்போது ஏழெட்டுப் பேர்தான் வருகிறார்கள். நான் நன்றாகத்தான் வாசிக்கிறேன். தப்பில்லாமல் வாசிக்கிறேன். வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கண்டக்டர் விசில் அடிக்கிறான், அடுத்தது என் ஸ்டாப்புதான். அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்கள்.

அந்தோணியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் வருவதாக நேர்ச்சை, இன்றைக்கு மூன்றாவது என்று ஏறும்போது சொன்னீர்கள். அப்படியானால் அடுத்த செவ்வாயும் இதே பஸ்ஸில்தான் வருவீர்கள். உவரிக் கோயிலில் கொடிமரத்துக்கு இடது பக்கம், மெழுகுதிரியும் உப்பும் வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருப்பாள். தடித்த உடம்பு, நெற்றியில் ஒரு வெட்டுத் தழும்பு. வருகிறவர்கள் கேட்டால் செபமாலை சொல்லிக் கொடுப்பாளாம், புத்தகம் இல்லாமல். எழுத்துத் தெரியாது என்று எல்லாருக்கும் தெரிந்தே சொல்கிறாளாம். அவளிடம் ஒரு மெழுகுதிரி வாங்குங்கள். வாங்கிக்கொண்டே, செட்டிகுளத்துப் பிரகாசியைத் தெரியுமா என்று சும்மா கேளுங்கள். நான் கேட்கச் சொன்னதாகத் தெரிய வேண்டாம்.

நானே போய் நின்றால் முகத்துக்கு நேராக நீங்க என்றுதான் சொல்வாள். அது எனக்குத் தெரியும். நான் இல்லாத இடத்தில் என்ன சொல்கிறாள் என்றுதான் தெரியவில்லை. அவள் நல்லது சொன்னாலும் சரி, வைதாலும் சரி, எனக்கு அது வேண்டாம். 'அவ' என்கிறாளா, மரியாதையாக 'அவிய' என்கிறாளா, அதை மட்டும் கேட்டுக்கொண்டு வாங்கம்மா. மாற்றாமல் சொல்லுங்கள்.